அவிட்டத்து அறை

“பாத்து வாங்க, நெலை இடிக்கும்” என்றாள் வீட்டுக்காரி சந்திரம்மாள்.

வந்தவர் நன்றாகக் குனிந்துதான் உள்ளே நுழைந்தார். அவ்வளவு உயரம். துண்டை நெற்றி மறையத் தலைப்பாகையாகக் கட்டியிருந்தார்.

ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஓர் அடுப்பு. பொன்மலைப் பட்டறையில் சங்கு ஊதினால் சுவர் அதிரும். மூன்று வாரமாகப் பூட்டிக் கிடந்ததில் கரப்பான் நாற்றம் வேறு.

பெயர் தைரியராஜ் என்றும், பட்டறையில் காவல் வேலை என்றும் சொல்லியிருந்தார். இரண்டையும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார்.

சந்திரம்மாளுக்கு எதையும் மறைத்துப் பழக்கமில்லை.

“மொதல்லயே சொல்லிடறேங்க. இங்க குடியிருந்த பொண்ணு விஷ ஜுரத்துல போயிட்டா. அவிட்டத்துல சாவு. ஆறு மாசம் அடைப்பு, பூட்டித்தான் வெக்கணும். எங்க ஆளுங்க எவனும் இங்க குடி வரமாட்டான். ஏசுவக் கும்பிடற வேதக்காரங்களுக்குத்தான் நட்சத்திரம் கெடையாதே, அதான் உங்களுக்குத் தொறந்து காட்டறேன். அவிட்டத்துல பொறந்தா தவிட்டுப் பானையெல்லாம் பணம்பாங்க. செத்தா பாருங்க, என் வாடகை போச்சு.”

அவர் தலையை ஆட்டினார். அந்தப் பழமொழி அவருக்கும் தெரியும்.

அவளைக் கட்டியவன், காரியம் முடிந்த மறுநாளே கொழும்புக்குப் போய்விட்டானாம். சாமான்களையும் எடுத்துப் போய்விட்டான். மூலையில் ஒரு பாய் மட்டும் சுருட்டிச் சாத்தியிருந்தது. கட்டிய கயிறுகூட அவிழ்க்கவில்லை.

“முசிறிப் பாயிங்க. அஞ்சு முழம்னு அளவு சொல்லி நெய்யச் சொன்னா. அப்பனுக்குப் பிடிக்காத கல்யாணம். ஆனா ஸ்ரீரங்கத்துலேருந்து அப்பா வருவார், வந்தா படுக்கணும்னு வாங்கி வெச்சா. மூணு கடுதாசி போட்டா. மூணும் பிரிக்காமயே திரும்பி வந்துச்சு. இத என்ன செய்யறது? தூக்கிப் போட்டுடட்டுமா?”

“இருக்கட்டும்” என்றார்.

சாவியைக் கொடுத்துவிட்டு அவள் போனாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார்.

துண்டை அவிழ்த்தார். காலையில் காவிரியில் இறங்கித் தேய்த்துக் கழுவியும், நாற்பது வருஷத்து நாமம் நெற்றியில் வெளுப்பாகத் தெரிந்தது.

உள்ளே வந்ததும் அழுகை வரும் என்று நினைத்திருந்தார். வரவில்லை. ஒன்றுமே வரவில்லை.

வீட்டில் எந்தப் பாயில் படுத்தாலும் அவர் கால் தரையில்தான் கிடக்கும். அதைப் பார்த்துச் சிரிக்க ஒருத்தி இருந்தாள்.

கயிற்றை அவிழ்த்துப் பாயை விரித்தார். படுத்து, காலை மெதுவாக நீட்டினார்.

குதிகாலுக்கு அப்பால் இன்னும் ஒரு சாண் பாய் மிச்சமிருந்தது.