வீல் பொருத்தம்

பெண் பார்க்க வந்த பாலமுரளியை வாசலிலேயே நிறுத்திவிட்டு, குத்தவைத்து உட்கார்ந்து அவன் காரின் அலாய் வீலைத் தடவிப் பார்த்தார் துளசிராம். மனைவி அலர்மேல்மங்கைக்கு மானம் போயிற்று.

"வீல் சந்துல கூட பிரேக் தேஞ்சு வர்ற கரி ஒட்டல! எதைப் போட்டுக் கழுவுறீங்க தம்பி?"

பாலமுரளி திருதிருவென விழித்தான். உள்ளேயிருந்து மகள் தேவிகா இருமினாள்.

"ஷாம்பு... அப்புறம் மெழுகு, சார்."

துளசிராம் மனைவியிடம் ஓடி வந்தார். "வீலையே இம்புட்டுப் பதமா வச்சிருக்கவன், நம்ம பொண்ணைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்குவான். முடிச்சிருவோம்!"

சமையலறையில் காபித் தட்டைத் தூக்கிய தேவிகாவின் விரல்களை அப்போதுதான் கவனித்தாள் அலர்மேல்மங்கை. நகக்கண்ணெல்லாம் கரி.

"ஏண்டி, காலையில கோயிலுக்குன்னு போனவ, அவன் வீலையா கழுவிட்டு வந்திருக்க?" என்று கிசுகிசுத்தாள். "அப்பா கண்ணுல படுறதுக்குள்ள கையைக் கழுவு, போ!"