தோளில் அரிசி, வண்டியில் நாய்

“சீமோன், இஞ்ச ஓடிவாரும். உந்த அநியாயத்தை ஒருக்காப் பாரும்!”

அகஸ்ரின் கடையின் கண்ணாடிக் கதவோடு ஒட்டி நின்றார். கையில் தேத்தண்ணி. எத்தனையாவது என்று எண்ணுவதைக் கடைக்காரன் சீமோன் எப்போதோ விட்டுவிட்டான்.

கறிவேப்பிலை வாங்க வந்த மனிதர். வாசலில் நின்று திரும்பி, “அஞ்சு நிமிசத்தில வாறன்!” என்று வெளியே யாருக்கோ குரல் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அது காலையில். இப்போது மத்தியானம்.

தொண்ணூற்றைந்து ஜூலை. கனடாவின் ஸ்காபரோ கொதித்துக்கொண்டிருந்தது. கடைக்குள் ஏசி. ஆகவே அகஸ்ரினுக்கு அவசரம் இல்லை.

சீமோன் எட்டிப் பார்த்தான்.

பார்க்கிங் லொட்டின் அந்தக் கரையில் ஒரு மனிதர் சாமான் வண்டி தள்ளிக்கொண்டு போனார். வண்டிக்குள் ஒரு நாய். மேலே ஈரச் சால்வை போர்த்தியிருந்தது. மூக்கு மட்டும் வெளியில்.

பத்தடி பின்னால் அவருடைய மனைவி. தோளில் அரிசி மூட்டை. கால் தள்ளாடியது.

“மனிசி அரிசி சுமக்கிறா. நாய் சவாரி போகுது. கண்டீரோ?”

“உவர் கிறிஸ்துநாயகம் அண்ணை. மோர்னிங்சைட்டில இருக்கிறவர். மனிசி யோகராணி. நல்ல சனம்.”

“நல்ல சனமோ? பத்தடி தள்ளி நடக்க விட்டிருக்கிறான்! பக்கத்தில வந்தால் நாய்க்கு மரியாதைக் குறைவாக்கும்.”

“உங்கட கறிவேப்பிலை வாடுது அண்ணை.”

“அது கிடக்கட்டும். இஞ்ச ஒரு பொம்பிளை வாடுறா!”

வண்டி உடுப்புத் தோய்க்கிற லோன்ரிக் கடை வாசலில் நின்றது. மனிதர் உள்ளே ஏதோ கேட்டார். வெளியே வந்தார். அடுத்து முடி வெட்டுகிற கடை. பிறகு வீடியோக் கசெட் கடை. ஒவ்வொரு வாசலிலும் நின்று நின்று வண்டி நகர்ந்தது. பின்னால் அரிசி மூட்டை.

“பெருநாளுக்குச் சொரூபம் சுத்துற மாதிரியெல்லோ கொண்டு திரியிறான்!”

“வெயில் அண்ணை. நாய் பாவம்தானே.”

“வெயிலோ? நான் சவுதிப் பாலைவனத்தில வேலை செய்தனான். இது ஒரு வெயிலே? நானும் பிரின்ஸ் எண்டு ஒண்டு வளக்கிறன். நாயை நாயா வளக்கவேணும் சீமோன். மனிசியை மனிசியா வைச்சிருக்கவேணும். வாற ஞாயிறு சங்கத்தில இதைத்தான் பேசப்போறன். தலைப்பு, ‘மனைவியை மதிப்போம்’.”

“வீட்டில உங்கட மனிசி குணவதி அக்கா கறிவேப்பிலைக்குப் பாத்துக்கொண்டெல்லோ இருப்பா?”

“குறுக்க கதையாதையும்.”

வண்டி இப்போது இந்தக் கடையை நோக்கித் திரும்பியது.

“வரட்டும். இண்டைக்கு நாலு கேள்வி கேக்காமல் விடமாட்டன்.”

கிறிஸ்துநாயகம் கதவைத் தள்ளி வண்டியோடு உள்ளே வந்தார். வாய் திறக்க விடவில்லை அகஸ்ரின்.

“ஓய்! நீர் ஒரு மனிசனோ? மனிசியின்ர தோளில மூட்டை, நாய்க்குத் தேரோ?”

யோகராணி மூட்டையைத் தொப்பென்று இறக்கினார். மூச்சு வாங்கியது.

“அவரைப் பேசாதேங்கோ அண்ணை. எனக்கு நாயெண்டால் பயம். வண்டியைத் தள்ளுறியோ, அரிசி தூக்கிறியோ எண்டு கேட்டவர். அரிசி கடிக்காது எண்டு நான்தான் இதை எடுத்தனான்.”

“பயமெண்டால் என்னத்துக்கு நாய் வளக்கிறியள்?”

“எங்கட நாய் இல்லை அண்ணை” என்றார் கிறிஸ்துநாயகம். “பஸ்ஸுக்குப் போகேக்குள்ள கண்டம். அந்தக் கரையில ஒரு மரத்தில கட்டிக் கிடந்தது. காலமை நிழல் இருந்திருக்கும். இப்ப நல்ல வெயில். தார் கொதிக்குது. நாலு காலையும் மாத்தி மாத்தித் தூக்கி டான்ஸ் ஆடிக்கொண்டு நிண்டது. பாதமெல்லாம் சிவந்துபோச்சு.”

“லோன்ரிக்காரப் பிள்ளைதான் தண்ணி தந்தது” என்றார் யோகராணி. “சால்வையையும் அங்கதான் நனைச்சம். ஆனால் நாயை உள்ள வைச்சிருக்க ஒருத்தரும் விடுறாங்கள் இல்லை. ஆரின்ர நாயெண்டு கேட்டுத்தான் கடை கடையா ஏறி இறங்கிறம்.”

அகஸ்ரினின் முகம் சிவந்தது. கோபம் இடம் மாறியது, அளவு குறையவில்லை.

“எந்த ஈவிரக்கம் கெட்டவன் கட்டினவன்? வாயில்லாத சீவனெல்லோ! சீமோன், போனை எடும். பொலிசைக் கூப்பிடும். உவனையும் அதே மரத்தில கட்டவேணும்! சவுதியில கூட நான் இப்பிடி ஒரு...”

சால்வை அசைந்தது.

முதலில் ஒரு காது. பிறகு மற்றக் காது. பிறகு முழு நாயும் எழும்பி, வண்டியில் இருந்து ஒரே பாய்ச்சலாக அகஸ்ரினின் நெஞ்சில் விழுந்தது. தேத்தண்ணிக் கோப்பை மிளகாய்த்தூள் அடுக்குப் பக்கம் பறந்தது. முகம், மூக்குக்கண்ணாடி, மீசை எல்லாவற்றையும் நாய் நக்கி முடித்தது. வால் நிற்கவில்லை.

அகஸ்ரின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

யோகராணி அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சொன்னார்: “பாருங்கோவன். தனக்காகக் கதைக்க ஒரு ஆள் இருக்கெண்டு அதுக்கும் விளங்கிப்போச்சு.”

சீமோன் வாடிய கறிவேப்பிலையை எடுத்து நீட்டினான்.

“இந்தாங்கோ அண்ணை. காலமை அஞ்சு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு வந்தது, உந்தப் பிரின்ஸுக்குத்தானே?”