இரண்டாவது காயில்

"இது தானா கழண்டது இல்லைங்க. யாரோ கழட்டியிருக்காங்க."

சர்வீஸுக்கு வந்தவள் இப்படிச் சொன்னதும் காவலாளியின் முகம் வெளுத்துப்போனது.

அது பித்தளைக் குழாய் செய்யும் கம்பெனி. வேலை முடிந்து போகும் எல்லாரும் வாசலில் இருக்கும் மெட்டல் டிடெக்டர் வழியாகத்தான் போக வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் சோதிக்க ஆள் வரும். இந்த வருஷம் அவள்.

ஒரு பித்தளைக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு டிடெக்டரின் இரண்டு தூண்களுக்கு நடுவில் நீட்டினாள். தலை உயரத்தில் கத்தியது. மார்பு, இடுப்பு, எல்லாம் கத்தியது. முழங்காலுக்குக் கீழே மட்டும் கப்சிப்.

இரண்டு தூண்களையும் திறந்து பார்த்தாள். வரிசையாக இருந்த கம்பிச் சுருள்களில், கீழிருந்து இரண்டாவது காயிலில் ஒரு ஒயர் கழட்டப்பட்டு, நுனியில் அழகாக டேப் சுற்றியிருந்தது.

'குழாயைக் காலில் கட்டிக்கிட்டுப் போக நல்ல வழி. வாசல்ல இருக்கிறவன் துணை இல்லாம இது நடக்குமா?'

"உண்மையைச் சொல்லுங்க. யார் வேலை இது?"

காவலாளி ஓரடி முன்னால் வந்தார். "நான்தாம்மா."

"எந்த ஒயரைக் கழட்டினீங்க?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, இடது தூணில் ஒரு சிவப்பு ஒயரைக் காட்டினார்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஐயா, இடது தூண் அனுப்புறது. வலது தூண் வாங்குறது. அனுப்புற காயில் எல்லாம் ஒரே சங்கிலி. அதுல ஒண்ணைக் கழட்டினா மொத்த மெஷினும் செத்துடும். வாங்குற பக்கம்தான் ஒவ்வொண்ணும் தனித்தனி. கழண்டிருக்கிறது வலதுல. யாருக்காகப் பொய் சொல்றீங்க?"

காவலாளி தலையைக் குனிந்துகொண்டார்.

"யாருன்னு சத்தியமா எனக்குத் தெரியாதும்மா. பாலிஷ் செக்‌ஷன்ல ஒரு பொண்ணு இருக்கு. கால் உடைஞ்சு உள்ளே கம்பி வெச்சிருக்காங்க. தினமும் சாயங்காலம் இது கத்தும். கத்தினா திரைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போய்ச் சோதிக்கணும், அது ரூல். நாற்பது பேர் வேடிக்கை பார்ப்பாங்க. அது அழுதுக்கிட்டே போகும். ஒன்றரை வருஷம் முன்னாடி ஒருநாள் கத்தல. அன்னைக்குத்தான் அது சிரிச்சு நான் பார்த்தேன்."

"அந்த உயரத்துல வேற யாராவது சரக்கைக் கடத்தினா?"

"ஒவ்வொருத்தர் காலையும் நான் கண்ணால பார்த்துத்தான் விடறேன். ஸ்டாக்கைப் பாருங்க, ஒரு நட்டு குறையாது. எந்தப் புண்ணியவான் செஞ்சானோ, அவன் வேலை போகக் கூடாதும்மா. மேனேஜர் ஈவு இரக்கம் பார்க்க மாட்டார். எனக்கு ரிட்டயர் ஆக ஆறு மாசம்தான் இருக்கு. என் பேரையே எழுதிக்குங்க."

அவள் இரண்டு தூண்களையும் மூடி, ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு எழுந்தாள்.

மேனேஜருக்குக் கம்பெனியில் 'சட்டம்' என்று பட்டப்பெயர். வாயைத் திறந்தால் ரூல்தான். அவள் உள்ளே போனபோதும் அவர் ஃபைலிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"என்ன பழுது?"

"ஒரு காயில் போயிடுச்சு சார். பார்ட்ஸ் வர நாளாகும்."

"எத்தனை நாள்?"

"சொல்ல முடியாது சார். பழைய மாடல்."

இப்போது நிமிர்ந்தார். அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருஷம் வந்தவன், லூஸ் கனெக்‌ஷன்னு சொல்லிப் பத்தே நிமிஷத்துல சரி பண்ணிட்டுப் போனானே?"

மாட்டிக்கொண்டோம் என்று நின்றாள்.

மேனேஜர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். ரிப்போர்ட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"அவன் போனதும், யாரும் வர்றதுக்குள்ள நான் மறுபடியும் தரையில உட்கார்ந்து கழட்ட வேண்டியதாப் போச்சு. இந்தத் தடவை எனக்கு அந்த வேலை மிச்சம்மா."