தூக்கிக் கட்டிய வண்டி

ஒன்றியச் செயலாளர் நாச்சிமுத்து தன் பிக்கப் வண்டியை ஒரு முழம் உயர்த்தி, எருமைக் கழுத்துப் பருமனில் டயர் மாட்டிக்கொண்டு வந்திருந்தார். மாவட்டச் செயலாளரின் வண்டிகூட இனி இதற்கு இடுப்பளவுதான். கோயில் வாசலில் பூசை முடிந்தது.

“ஏனுங்க, ஏணி ஒண்ணும் வாங்கிப் போடுங்க. நானெல்லாம் எப்படி ஏறுறதாமா?” என்றாள் மனைவி ருக்குமணி.

“உன்னைய ஆரு ஏறச் சொன்னா? கீழ நின்னு கண்குளிரப் பாரு, போதும்.”

கம்பியைப் பிடித்துத் தொங்கி ஏறி அமர்ந்தார். அங்கிருந்து கோபுரக் கலசம் தெரிந்தது, கட்சிக் கொடி தெரிந்தது, ஆள் ஒருவரும் தெரியவில்லை. அது அவருக்குப் பிடித்திருந்தது.

முன்சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழம் உருண்டுவிட்டதென்று ருக்குமணி அதைச் சரியாக வைக்கக் குனிந்தாள்.

“எடுக்கட்டுமாடா?” என்று கீழே கூடியிருந்த கட்சிப் பையன்களைப் பொதுவாகக் கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஹாரனை அழுத்தியபடியே வண்டியை நகர்த்தினார். ஒரு சின்னக் குலுங்கல்கூட இல்லை. ஸ்பிரிங் அருமை என்று நினைத்துக்கொண்டார். கூட்டம் சத்தம் போட்டது. வாழ்க கோஷம் என்று ஜன்னல் வழியே கும்பிட்டார். எவரும் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை.

“ருக்கு?”

கதவைத் திறந்து காலைத் தொங்கவிட்டார். கால் தரையைத் தேடிக்கொண்டே இருந்தது.