அவசரம் லேது

காலனிச் செயலாளர் ராவ் காரு பாஸ்கெட்பால் கோர்ட்டின் வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார்.

காலை ஏழு மணி. பெண் பிள்ளைகள் பதிமூன்று பேர் இரண்டு வரிசையாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள். நடுவில் கோச் இருதயராஜ், இடது கை, இடது கை என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

ராவ் காரு எதற்கு வருகிறார் என்று எனக்கு வியாழக்கிழமையே தெரியும். என் கணவர் சக்ரபாணி காலனிக் கமிட்டியில் இருக்கிறார். வீட்டுக்கு இரண்டு கார் ஆகிவிட்டது, நிறுத்த இடமில்லை, பாஸ்கெட்பால் கோர்ட்டைப் பார்க்கிங் ஆக்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்களாம். இந்தப் பிள்ளைகளின் அப்பாக்களே கை தூக்கினார்களாம். இவரும் தூக்கினாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் சமையல் நடந்திருக்காது.

கோச்சிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு மாதாப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனி ஞாயிறு ஆனால் பைக்கை எடுத்துக்கொண்டு, ஊரின் அந்தக் கோடியிலிருந்து லோத்குண்டா பக்கம் இருக்கும் எங்கள் காலனிக்கு வந்துவிடுவார். பெரியகுளத்துக்காரர்; பந்து என்றால் சோறு வேண்டாம். செப்டம்பரில் ஜில்லா செலக்ஷன். இவர்களில் நான்கு பேராவது தேறுவார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தார். இப்போது ஜூலை.

நான் டீம் மேனேஜர். பெயர்தான் பெரியது. செலக்ஷன் பாரம் நிரப்புவது, சிராய்த்த முட்டிக்கு மருந்து போடுவது, முக்கியமாக மொழிபெயர்ப்பது. இருபது வருஷமாக இந்தத் தெலுங்கு ஊரில் இருக்கிறேன், தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவருக்கு இரண்டு வருஷம் ஆகியும் ரா, போ, பாகுந்தி; வா, போ, நன்றாயிருக்கிறது; இந்த மூன்றுதான். தெலுங்குப் பிள்ளை ஏதாவது சொன்னால் உடனே என்னக்கா சொல்லுது என்று என் பக்கம் திரும்புவார்.

ராவ் காரு நல்ல மனிதர். கடுமையாக ஒரு வார்த்தை சொல்லத் தெரியாதவர். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். நேரே கோச் முன்னால் போய் நின்று, தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"கோச் காரு, இங்க மீ அவசரம் லேதண்டி."

கோச் சார், இனிமேல் நீங்கள் தேவையில்லை. தெலுங்கில் இங்க என்றால் இனிமேல்; அவசரம் என்றால் தேவை.

அதே வாக்கியம் தமிழ்க் காதில் எப்படி விழும்? இங்கே ஒன்றும் அவசரமில்லைங்க.

கோச்சின் முகம் மலர்ந்தது. வளைந்துபோன ரிங்கை மாற்றித் தரும்படி போன மாதம்தான் கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"நோ ப்ராப்ளம் சார்! ரிங் மெதுவா மாத்துங்க. டில் தீபாவளி ஐ வில் வெயிட்."

ராவ் காருவின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அதோடு விட்டாரா? பிள்ளைகளைக் கூப்பிட்டு நன்றி சொல்லச் சொன்னார். பதிமூன்று பேரும் தேங்க்யூ அங்கிள் என்று ஒரே குரலில் கத்தியதில் ராவ் காரு ஓரடி பின்னால் போனார்.

என்னைப் பார்த்தார். நீங்களாவது இவருக்குப் புரிய வையுங்கள் என்று கெஞ்சுகிற பார்வை.

மொழிபெயர்த்திருக்க வேண்டும். அதுதானே என் வேலை. நான் மருந்துப் பெட்டியைத் திறந்து, பஞ்சு இருக்கிறதா என்று மிகுந்த அக்கறையோடு தேடினேன்.

"சரே, தீபாவளி தர்வாத்த சூத்தாம்" என்றார் ராவ் காரு கடைசியில். சரி, தீபாவளிக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சொன்னதும் அவர் முகத்திலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது. அந்தப் பொல்லாத வார்த்தையை இன்னொரு தடவை சொல்ல அவரால் ஆகாது. வந்ததைவிட வேகமாகக் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழுசாக நான்கு மாதம்! செலக்ஷனே முடிந்துவிடும். பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தேன். இந்த மனிதர் ஆயுசுக்கும் தெலுங்கு கற்றுக்கொள்ளவே கூடாது, நானும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுப்பதில்லை என்று தீர்மானம் செய்துகொண்டேன்.

அப்போதுதான் ஸ்ரவந்தி ஓடி வந்தாள். பதினோரு வயது. நேரம் தவறிவிட்டது, போதாததற்குக் காலில் ஷூ இல்லை. அம்மா தோய்த்துப் போட்டது காயவில்லையாம். அவ்வளவையும் தெலுங்கில் மூச்சுவிடாமல் கொட்டிவிட்டு, திருப்பி அனுப்பிவிடுவாரோ என்று அழவும் ஆரம்பித்துவிட்டாள்.

நான் மொழிபெயர்க்க எழுந்தேன்.

கோச் என் பக்கம் திரும்பவேயில்லை. அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"ஷூஸ் அவசரம் லேதம்மா. வட்டி காள்ளதோனே ஆடு."

ஷூ தேவையில்லை, வெறுங்காலோடே ஆடு. உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை.

ஸ்ரவந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வரிசையில் போய்ச் சேர்ந்தாள். நான் எழுந்த இடத்திலேயே நின்றேன்.

அதன் பிறகுதான் என்னைப் பார்த்தார். நான் கேட்க வாயெடுப்பதற்குள் விசிலைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டார். வாயில் விசில் இருக்கிறவரிடம் என்ன கேட்க முடியும்?