வலப்பக்க மயில்

பைத்தான் நிரல்மொழி கற்கத் தொடங்கிச் சிக்கிக்கொள்கிறவர்களுக்குப் பிள்ளையார்பாளையம் இளவரசிதான் கதி. அன்று முசரவாக்கத்துச் சிம்ரன் லேப்டாப்போடு நேரிலேயே ஓடிவந்துவிட்டாள். அவளுடைய நிரல் சின்னது. முந்தானைக்கு வரைந்த இடப்பக்க மயிலைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வலப்பக்கம் ஒட்டும். டிசைன் சாயங்காலத்துக்குள் போகாவிட்டால் பட்டுக்கடை முதலாளி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்.

"அக்கா, ஒட்டுன மயில் மட்டும் நம்மளப் பாத்துக்கினு இருக்குது."

"நகலுக்கு ஏதும்மா தனிப் பார்வை? கோடிங்கைக் காட்டு."

கோடிங்கில் குறையில்லை. நிரலை மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் அது இவர்களைத்தான் பார்த்தது.

தாமதத்துக்குக் காரணம் கேட்ட முதலாளி போனில் கத்தினார். "மயிலு எங்க பாத்தா உனக்கு என்னாமா? வாங்குறவங்க ஜரிகையைத்தான் பாப்பாங்க. அனுப்பு!"

"அஞ்சு நிமிஷம் சார்," என்று கெஞ்சினாள் சிம்ரன்.

சோதித்துப் பார்க்க, இளவரசி மூலப்படத்திலிருந்த மயிலை அழித்தாள். வெறும் வெள்ளையைத் திருப்பினால் வெள்ளைதான் வர வேண்டும். ஓட்டினாள். வலப்பக்கத்தில் மயில் இருந்தது. கழுத்தை நீட்டி, எதிரே இருந்த வெற்றிடத்தைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அக்கா, அழிச்ச மயிலைத் திருப்பிக் கொண்டாந்துடு. பாவமா இருக்குது."

அழித்ததை மீட்டு இளவரசி மறுபடி ஓட்டினாள். வந்ததைச் சிம்ரன் சரியாகப் பார்க்காமலே அனுப்பினாள். "பலே! இனிமே உனக்குத்தாம்மா வேலை," என்று முதலாளி குரல் குளிர்ந்தது.

இளவரசி திரையைப் பார்த்தாள். வலப்பக்க மயில் நடுக்கோட்டைத் தாண்டி வந்து, இடப்பக்க மயிலைக் காப்பதுபோல் மறைத்துக்கொண்டு நின்றது. அவள் விரல் இன்னும் அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. அது அந்த விரலையே பார்த்தது.