விலகும் உரிமை

"ஆய்விலேருந்து விலகிக்கிறேன்மா. எப்ப வேணாலும் விலகலாம்னு நீங்கதானே சொன்னீங்க?" ஓய்வுபெற்ற தபால்காரர் படிவத்தை நீட்டினார்.

ஆய்வாளரின் முகம் வாடியது. முதியோர் உடல்நலம் பற்றி தபால்காரர் தந்த பேட்டிதான் இருப்பதிலேயே நல்லது.

"நாங்க ஏதாவது தப்பா கேட்டுட்டோமா ஐயா?"

"சேச்சே! விலகிட்டா அந்தப் பேட்டியோட ஒலிப்பதிவு எனக்கு வந்துடும்ல?"

"இல்லைங்க. எங்க ஆய்வுல இதான் விதி. விலகினா அழிச்சிடணும்."

அவர் படிவத்தை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

"ஐயோ, அழிச்சிடாதீங்கம்மா! நடுவுல என் வீட்டுக்காரி சமையல்கட்டுலேருந்து கத்துவா. அவ குரல் வேற எதுலயும் இல்ல. போய் ஆறு மாசமாச்சு."

"பிரதி கேட்டாலே தருவோம் ஐயா. விலகவே வேண்டாம்."

ஆய்வாளர் பதிவை ஓடவிட்டார்.

"பொய் சொல்லாதீங்க! மாத்திரை போட்டு நாலு நாளாச்சு!" என்றது பெண்குரல்.

"இப்பல்லாம் தவறாம போடறேன்டி" என்றார் தபால்காரர், கருவியைப் பார்த்து.